புதிய சுயாதீன ஆல்பத்தைக் கேட்டுப் பேசுவது எப்படி

2015 ஜூலை 10 முதல் உலகின் பெரும்பாலான நாடுகளில் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. நம் ஊரில் வெள்ளிக்கிழமை என்றதும் புதுப்படம்தான் நினைவுக்கு வரும். அதே நாளில், எந்தப் படத்தோடும் சேராமல், இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் உழைத்து முடித்த ஆல்பமும் நம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. திரைப்பாடலுக்கு நடிகர் இருக்கிறார், முன்னோட்டம் இருக்கிறது, இசை வெளியீட்டு விழா இருக்கிறது. சுயாதீன ஆல்பத்துக்கு, அதைக் கேட்டவர் இன்னொருவரிடம் சொல்லும் சொல்லைத் தவிர வேறு விளம்பரம் பெரும்பாலும் இல்லை. இப்படிப்பட்ட இசையைப் பேசிவந்த பத்திரிகைகளும் குறைந்துவருகின்றன. உலகெங்கும் சுயாதீன இசைக்கு வாசகரைத் திரட்டித் தந்த பிட்ச்ஃபோர்க் இதழையே, அதன் உரிமையாளரான காண்டே நாஸ்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் ஆண்களுக்கான ஜிக்யூ இதழின் கீழ் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே, கேட்பவர்கள் தங்களுக்குள் பொறுப்போடு பேசப் பழகுவது இப்போது முன்னைவிடத் தேவையாகிறது.

சென்னையில் நாங்கள் ஆறு பேர் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடி, அந்த மாதம் வந்த ஒரு சுயாதீன ஆல்பத்தையும் இசைத்துறைச் செய்திகளில் இரண்டையும் எடுத்துப் பேசிவருகிறோம். தொடங்கிய காலத்தில் ஒருவர் "செம்மையாக இருக்கிறது" என்பார், அடுத்தவர் "எனக்கு ஒட்டவில்லை" என்பார், அத்தோடு பேச்சு திரைப்பாடலுக்குத் தாவிவிடும். அதைச் சரிசெய்யச் சிறுகச் சிறுக நாங்கள் உருவாக்கிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியாக எழுதுபவருக்கும் நண்பர்களோடு பேசுபவருக்கும் இது ஒன்றுபோலப் பயன்படும்.

கேட்பதற்கு முன் படிக்க வேண்டியவை

முதல் பாட்டை ஓடவிடுவதற்கு முன் ஆல்பத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். அங்கே வட்டத்துக்குள் பி என்ற எழுத்தும், வட்டத்துக்குள் சி என்ற எழுத்தும், ஓர் ஆண்டும், ஒரு பெயரும் இருக்கும். பி குறி ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை முதல் வழக்கில் இருக்கும் குறி அது. சி குறி அட்டைப்படம், வரிகள் போன்றவற்றுக்கு உரியது. பி குறிக்குப் பக்கத்தில் கலைஞரின் பெயரோ அவருடைய சொந்த நிறுவனத்தின் பெயரோ இருந்தால் மாஸ்டர் உரிமை, அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது என்று கொள்ளலாம். பெரிய லேபிள் (இசைப்பதிவு நிறுவனம்) ஒன்றின் பெயர் இருந்தால், சுவரொட்டியில் சுயாதீனம் என்று எழுதியிருந்தாலும், பணத்தைப் பற்றிய பேச்சு வேறு திசையில் போக வேண்டும்.

இங்கே அவசரம் கூடாது. ஆல்பத்தைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனமும் உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. யூடியூபில் தானாக ஏறும் பாட்டுகளின் விவரக்குறிப்பில், முதல் வரியில் விநியோகிப்பவரின் பெயரும் கீழே உரிமையாளரின் பெயரும் தனித்தனியாக இருக்கும். உலகெங்கும் சிறு கலைஞர்களின் இசையை விநியோகிக்கும் தி ஆர்ச்சர்ட் 2015 முதல் முழுமையாக சோனியின் கையில் இருக்கிறது. ட்யூன்கோர் பிரான்ஸைச் சேர்ந்த பிலீவ் நிறுவனத்துடையது. தமிழில் நாம் நன்கறிந்த திங்க் மியூசிக்கையும் 2021இல் பிலீவ்தான் வாங்கியது. பெரிய நிறுவனத்தின் குழாய் வழியாக ஒருவர் தம் இசையை அனுப்புவதால் அவருடைய சுதந்திரம் போய்விடாது. குழாய் யாருடையது, தண்ணீர் யாருடையது என்று இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால், "இதெல்லாம் சுயாதீனமா?" என்ற வீண் சண்டையில் போகும் அரைமணி நேரம் மிச்சமாகும்.

அடுத்துப் பங்களித்தோர் பட்டியலைப் பாருங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் செய்தவர், இறுதி ஒலியைச் சீர்செய்யும் மாஸ்டரிங் செய்தவர் என்று எத்தனை பெயர்கள் கிடைக்கின்றனவோ அத்தனையையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செயலிகளில் பட்டியல் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கிறது. ஆல்பங்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞருக்கு இருக்கும் பக்கத்திலோ யூடியூப் விவரக்குறிப்பிலோ முழுமையான பட்டியல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது, அதன் மூன்றாம் பாட்டில் வரும் தாளம் கணினியில் கோத்தது என்றும் அதனால் உயிர் குறைந்து ஒலிக்கிறது என்றும் எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தக் கலைஞர் எனக்கு ஓர் ஒலிக்குறிப்பு அனுப்பினார். அதில் வாதம் எதுவும் இல்லை. வைக்கோல் எரியும் சலசலப்பு கேட்டது, யாரோ "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்றார், பிறகு பறை கணீரென்று ஒலித்தது. பதிவுக்கு முன் தோலைத் தீயில் காய்ச்சிய நேரத்தில் எடுத்தது அது. வாசித்தவர் அறுபதைக் கடந்த ஒருவர். அவர் பெயர் ஆல்பத்தின் பக்கத்தில் முதலிலிருந்தே இருந்தது, நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. திருத்தம் வெளியிட்டேன். முதலில் எழுதியதைப் படித்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தையும் படித்தார்கள் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது. பறை வாசிப்பவரின் பெயர் காலங்காலமாக விடுபட்டுப்போன ஒரு சமூகத்தில் நானும் ஒருமுறை அதை விட்டுவிட்டேன்.

வசதி இருந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய ஐஎஸ்ஆர்சி எண்ணையும், அதாவது ஒலிப்பதிவுக்கான பன்னாட்டு அடையாளக் குறியீட்டையும் பாருங்கள். பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அந்தக் குறியீட்டில் ஆறாவது, ஏழாவது இடங்களில் இருப்பது குறியீடு வழங்கப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். புதியது என்று அறிவிக்கப்பட்ட பாட்டில் பழைய ஆண்டு இருந்தால், அது மறுவெளியீடாக இருக்கலாம் என்ற ஐயம் எழ வேண்டும். கலைஞரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் அதைக் குற்றமாக எழுதக் கூடாது.

மூன்று முறை கேட்டல்

முதல் முறை, பாட்டுகளின் வரிசையை மாற்றாமல், இடையில் நிறுத்தாமல், கைப்பேசியைக் கையில் எடுக்காமல் கேளுங்கள். செயலியில் பாட்டுகள் கலைத்துப் போடப்படும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பலர் வரிசை கலைந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு "கோர்வையாக இல்லை" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். இந்த முறை எதையும் எழுத வேண்டாம். முடிந்த பிறகு எந்த இடம் மனத்தில் நின்றது என்பதை மட்டும் ஒரு வரியில் குறித்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் முறை ஹெட்போனில், வரிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு, நிமிடமும் நொடியும் குறித்தபடி கேளுங்கள். இந்தக் குறிப்புதான் பிறகு வரும் பேச்சு முழுவதற்கும் அடிப்படை. "மூன்றாவது பாட்டு அருமை, நல்ல ஃபீல்" என்ற குறிப்பை வைத்து யாரும் உங்களோடு உடன்படவும் முடியாது, முரண்படவும் முடியாது. "1:40இல் தாளம் நின்று பெண்குரல் மட்டும் எட்டு அடிகள் தனியே போகிறது, பறை திரும்பும்போது முன்பைவிடச் சற்று இறங்கிய ஒலியில் வருகிறது" என்று எழுதினால் மற்ற ஐந்து பேரும் அந்த இடத்துக்குப் போய்க் கேட்க முடியும். அந்த இறக்கம் தோல் ஆறியதால் வந்ததா, வேண்டுமென்றே வைத்ததா, அது பாட்டுக்கு எதைச் சேர்க்கிறது என்றெல்லாம் பேச்சு வளரும். பறையில் ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறுகையில் குட்டையான தடித்த குச்சியும் இருக்கும் என்பது தெரிந்தால், ஒரே கருவியிலிருந்து இரண்டு குரல்கள் வருவது காதுக்குப் பிடிபடும். எந்தக் கருவியானாலும் அதை வாசிக்கும் கை எப்படி அசைகிறது என்று ஒரு காணொலியாவது பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துங்கள். சத்தம் கூடியது நம் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். செலவு செய்து மாஸ்டரிங் செய்த பதிவுக்கும் வீட்டில் முடித்த பதிவுக்கும் இடையே நாம் உணரும் வேறுபாட்டில் ஒரு பகுதி இந்தச் சத்த வேறுபாடுதான்.

மூன்றாம் முறை, இரண்டு மூன்று நாள் இடைவெளிவிட்டு, வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். பேருந்தில், சமையலறையில், நடைப்பயிற்சியில் எது தானாக நம்மை நிறுத்துகிறது என்று பாருங்கள். முதல் நாளில் கவர்ந்த பாட்டு இப்போது சலித்திருக்கலாம், கவனிக்காமல் விட்ட பாட்டு வாயில் ஒட்டியிருக்கலாம். அந்த மாற்றத்தையும் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவே தீர்ப்பு எழுதுபவர்களுக்கு இந்த மூன்றாம் கேட்பு வாய்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

பேச்சை நடத்தும் விதம்

எங்கள் கூடுகையில், காதில் விழுந்தது என்ன என்பதை எல்லோரும் சொல்லி முடித்த பிறகே பிடித்ததா இல்லையா என்பதற்கு வருகிறோம். ஆளுக்கு ஐந்து நிமிடம், அதுவரை மற்றவர் குறுக்கிடுவதில்லை. இளையவர் முதலில் பேச வேண்டும் என்பது பின்னால் சேர்த்த விதி. மூத்தவர் ஒருவர் தொடக்கத்திலேயே கருத்தைச் சொல்லிவிட்டால், "அண்ணன் சொன்னதுதான்" என்று அடுத்தடுத்தவர் தலையாட்டிவிடுவது நம் பழக்கமாக இருக்கிறது.

ஒப்பீடு செய்யுங்கள், ஆனால் பொருந்துகிற ஒப்பீடாக இருக்கட்டும். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தம் அறையில் கிடாரோடு பதிந்த ஆறு பாட்டுகளைக் கேட்டுவிட்டு இளையராஜாவையோ ரகுமானையோ இழுப்பதால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அவருடைய முந்தைய பதிவோடு ஒப்பிடலாம். அவர் எடுத்துக்கொண்ட மரபோடு ஒப்பிடலாம். தமிழ் ஹிப்ஹாப் என்றால் மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினர் 2006இல் தந்த வல்லவன் ஆல்பத்திலிருந்து, ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஓஃப்ரோவும் 2019இல் தந்த தெருக்குரல் வரை ஒரு நீண்ட கோடு இருக்கிறது. புதியவர் அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறார், எதை விட்டு விலகுகிறார் என்று கேட்டால் பேச்சுக்குத் தரையொன்று கிடைக்கும்.

பின்புலத்தைத் தெரிந்துகொள்வதும் இதோடு சேர்ந்ததே. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா, ராக், ராப் மூன்றையும் சேர்த்த அந்த இசையைப் புதுமை என்று மட்டும் சொல்லிக் கடந்தவர்கள் உண்டு. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது. வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்பட்டுவந்த கானாவை, இறந்தவரின் வாழ்க்கையையே பாட்டாகக் கட்டும் மரண கானாவை ஒருமுறையாவது கேட்டவருக்கு, அந்த மேடையில் கானாப் பாடகர் மின்கிடாருக்குப் பக்கத்தில் சமமாக நின்றதன் பொருள் வேறாகத் தெரியும்.

குறை சொல்லத் தயங்க வேண்டாம். "முதல் ஆல்பம், பாவம்" என்று விட்டுக்கொடுப்பது கலைஞரைச் சிறுவராக நடத்துவதாகும். குறையை இடம்சுட்டிச் சொல்லுங்கள். நான்காம் பாட்டின் இரண்டாம் சரணத்தில் குரல் கிடாருக்குள் புதைந்துவிடுகிறது, வரிகள் கேட்கவில்லை என்று சொன்னால் அடுத்த பதிவில் அவருக்கு அது உதவும். பாடியவர் உங்கள் நண்பரோ உறவினரோ என்றால் பேச்சின் தொடக்கத்திலேயே அதை அறிவித்துவிடுங்கள்.

துறைச் செய்தியைப் படிக்கும் முறை

ஆல்பத்தைப் பேசி முடித்ததும் செய்திக்கு வருகிறோம். இந்தப் பகுதியில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன, ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். கையில் எடுத்த செய்தி எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் தானே வெளியிட்ட அறிவிப்பா, ஒருவர் இன்னொருவர்மேல் சொல்லும் புகாரா, நீதிமன்ற ஆணையோ சட்டமோ போல முடிந்த ஒன்றா? மூன்றுக்கும் ஒரே எடை கொடுத்தால் பேச்சு வதந்தியாகிவிடும்.

அடிக்கடி வரும் செய்தி, ஒருமுறை பாட்டைக் கேட்டால் இத்தனை பைசா கிடைக்கும் என்பது. ஸ்பாட்டிஃபை போன்ற பெரிய சேவைகளில் அப்படி நிலையான கட்டணம் எதுவும் இல்லை. ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் வரும் சந்தா, விளம்பரப் பணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒரே குவியலாக வைத்து, மொத்தக் கேட்புகளில் ஒவ்வோர் உரிமையாளருக்கும் எத்தனை விழுக்காடோ அத்தனை பகிர்கிறது. ஒரு மாதத்தில் நூறு கேட்பு மட்டும் நடந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் தொண்ணூற்றொன்பது ஒரு நட்சத்திரத்தின் பாட்டுக்கும், ஒன்று நாம் மொட்டைமாடியில் பேசும் சுயாதீனக் கலைஞருக்கும் போகிறது. அந்த ஒரு கேட்பைத் தந்தவர் அந்த மாதம் வேறு எதையுமே கேட்கவில்லை என்றாலும், அவர் கட்டிய சந்தாவின் பெரும்பகுதி அவர் கேட்டறியாத நட்சத்திரத்துக்கே போகும். ஒவ்வொருவரின் சந்தாவும் அவரவர் கேட்ட கலைஞர்களுக்கே போக வேண்டும் என்ற மாற்று முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் தன் சேவையில் கொண்டுவந்தது. இந்த இரண்டு முறைகளையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தவர் அதன் பிறகு பைசாக் கணக்குச் செய்தியைக் கண்மூடி நம்ப மாட்டார்.

இதோடு சேர்த்து அறிய வேண்டியது, 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1000 கேட்பைத் தொட்டால்தான் ஒலிப்பதிவுக்கான ராயல்டிக் (உரிமைத்தொகை) கணக்கில் சேரும் என்ற விதி. அங்கே 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பு. எட்டு நிமிடப் பாட்டுக்கும் இரண்டு நிமிடப் பாட்டுக்கும் கணக்கு ஒன்றே. புதிய ஆல்பங்களில் பாட்டுகள் ஏன் சுருங்கி, முன்னிசை இல்லாமல் நேரே குரலில் தொடங்குகின்றன என்று பேசும்போது இந்த விதிகளையும் மேசையில் வையுங்கள். அதுவே முழுக் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். சிலருக்குச் சுருக்கமே அழகாக இருக்கிறது.

பேண்ட்கேம்ப் வேறு வகை. அங்கே கேட்பவர் ஆல்பத்தை விலைகொடுத்து வாங்குகிறார், தளம் மின்பதிவு விற்பனையில் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது, பணப்பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கோ லேபிளுக்கோ போகிறது. கொரோனா காலத்தில் கச்சேரிகள் நின்றபோது, 2020 மார்ச் 20 அன்று தன் பங்கையும் விட்டுக்கொடுத்து அது தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி அதன் பிறகும் பல மாதங்களில் தொடர்ந்தது. நம் ஆல்பத்தை வாங்க அந்த நாளுக்காகக் காத்திருப்பது நல்ல பழக்கம். அதே தளம் 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் கைக்கும், 2023இல் இசை உரிம நிறுவனமான சாங்ட்ரேடர் கைக்கும் மாறியது; இரண்டாவது கைமாற்றத்தில் ஏறத்தாழ பாதிப் பணியாளர்கள் வேலையிழந்தனர் என்பதும் பேச்சில் வர வேண்டும். நாம் நேசிக்கும் தளமும் விற்பனைக்குரிய சொத்துதான். இந்தியாவில் இது இன்னும் கண்கூடு. ரெஸ்ஸோ என்ற இசைச் செயலி 2024 ஜனவரி இறுதியில் நம் நாட்டில் சேவையை நிறுத்தியது, விங்க் மியூசிக்கையும் ஏர்டெல் அதே ஆண்டில் மூடியது. அங்கே சேர்த்துவைத்த பட்டியல்களும் கேட்பு எண்ணிக்கைகளும் அத்தோடு போயின. ஆல்பத்தை வாங்கிப் பதிவிறக்கி வைப்பதும், பங்களித்தோர் விவரத்தைத் தனியே எழுதி வைப்பதும் இதனால்தான் எங்கள் முறையில் கட்டாயம்.

புகார் வகைச் செய்திக்கு எஞ்சாயி எஞ்சாமி பாட்டைவிட நல்ல பாடம் நமக்கு இல்லை. 2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டை பாடகி தீயும் அறிவும் பாடினர், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு அந்த வரிகளைக் கட்டினார். 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறிய பிறகு, எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தாம் என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தம் தரப்பை அறிக்கைகளாக வெளியிட்டனர். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டின் வழியே தங்களில் யாருக்கும் இதுவரை ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் ஒரு காணொலியில் சொன்னார்.

இங்கே இரண்டு தகராறுகள் இருக்கின்றன. யார் என்ன செய்தார், யார் பெயர் எங்கே வர வேண்டும் என்பது முதலாவது. ஈட்டிய பணம் எங்கே போனது என்பது இரண்டாவது. முதலாவது கலைஞர்களுக்கு இடையிலானது, இரண்டாவது கலைஞர்களுக்கும் வெளியிட்டவர்களுக்கும் இடையிலானது. பொதுவெளியில் இரண்டும் ஒன்றாகக் குழைந்து, ஆளுக்கொரு நாயகனைத் தேர்ந்து சண்டையிடுவதாக முடிந்தது. நாங்கள் இரண்டு தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதினோம். எழுதி முடித்தபோது, கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டில்கூடப் பெயரும் பணமும் எழுத்தில் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி விளங்கியது. உழைக்கும் சாதிகளின் கலையை எடுத்தாளும் இடத்தில் பெயர் விடுபடுவது தற்செயலான பிழை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் அந்த மாலை நெடுநேரம் பேசினோம்.

சட்டம் சார்ந்த செய்திக்கு அடிப்படையாக ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்பின் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தாலும், அதன் பயன்பாட்டில் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றித்தரலாம். திரைப்படத்தில் சேராத ஒலிப்பதிவுகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பங்கை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கம் 2017இல் மறுபதிவு பெற்றது. உங்கள் வட்டத்தில் பாட்டு எழுதுபவர் யாராவது இருந்தால், அவர் அங்கே உறுப்பினரா என்று கேளுங்கள். பலர் இல்லை, சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீதிமன்றச் செய்தியென்றால் தலைப்போடு நிற்காமல், எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, இறுதித் தீர்ப்பா இடைக்கால ஆணையா என்று மூன்றையும் பாருங்கள். ஒலிபரப்பாளர்களுக்கு உரிமம் தரும், பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு இணையவழி இசைச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னதைப் போன்ற செய்தியில் அந்த மூன்றும் தெரியாமல் பேச ஒன்றுமில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய செய்திகள் இப்போது மாதந்தோறும் வருகின்றன. தன் தளத்தில் அன்றாடம் ஏறும் பாட்டுகளில் 18 விழுக்காடு முழுக்கச் செயற்கை நுண்ணறிவால் ஆனவை என்று டீசர் என்ற இணையவழி இசைச் சேவை நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. அதே ஆண்டு கோடையில் தி வெல்வெட் சன்டவுன் என்ற பெயரில் வந்த குழுவுக்கு ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சத்துக்கு மேல் கேட்பவர் சேர்ந்த பிறகுதான், அது மனிதக் குழு அல்ல என்று அதன் பக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆல்பத்தின் பங்களித்தோர் பட்டியலைத் தேடும் பழக்கம் இங்கும் கைகொடுக்கிறது. வாசித்தவர், பதிவுசெய்தவர், பதிவான இடம், முன்பு மேடையேறிய நிகழ்ச்சி என எதுவுமே கிடைக்காத "புதுக்குழு" ஒன்று வந்தால், பாராட்டி எழுதுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். குழுவின் படத்தில் விரல்கள் கூடக் குறைய இருப்பதைப் பார்த்து மட்டும் யாரையும் போலி என்று குற்றம் சாட்டாதீர்கள். உண்மையான கலைஞர் ஒருவர் அதனால் நொந்துபோவார்.

பேசி முடித்த பிறகு

பேச்சு முடிந்ததும் ஒருவர் பொறுப்பேற்று அரைப்பக்கக் குறிப்பு எழுதுகிறார். ஆல்பத்தின் பெயர், பங்களித்தோர் அனைவரின் பெயர்கள், நொடி சுட்டிய நான்கைந்து கவனிப்புகள், எங்களுக்குள் தீராத ஒரு கருத்து வேறுபாடு, இவ்வளவுதான் அதில் இருக்கும். பெயர்களைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று கலைஞரிடமே கேட்டுவிடுகிறோம். தம் பெயரைச் சரியாக எழுதக் கேட்டதற்கே நன்றி சொன்னவர்கள் உண்டு. பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பிரதியையாவது விலைகொடுத்து வாங்குகிறோம், பிறகு குறிப்பைக் கலைஞருக்கு அனுப்புகிறோம். பதில் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்த கூடுகை, முந்தைய குறிப்பில் இருந்த தவறுகளை உரக்க வாசிப்பதோடு தொடங்கும். சென்ற மாதக் குறிப்பில் கடைசிப் பாட்டுக்கு வயலின் வாசித்தவரின் பெயர் விடுபட்டுவிட்டது. இந்த ஞாயிறு முதலில் வாசிக்கப்போவது அந்தப் பெயரைத்தான்.